கனெக்‌ஷனோடு வரும் வைஃபை பெட்டி: மாட்டிய அன்று இரண்டு மார்க், மாற்றிய பிறகு நான்கு

சென்னையில் ஃபைபர் இணைப்பு எடுத்தால் கூடவே ஒரு வெள்ளைப் பெட்டி வருகிறது. மாடிக் கைப்பிடிச் சுவரோரமாக இறங்கும் மெல்லிய ஒயர் அதில் நுழையும். வைஃபை அதிலிருந்தே கிளம்பும். கம்பெனிக்காரர்கள் ஓஎன்டி என்பார்கள், வீட்டில் மோடம் என்போம். வேகம் வருகிறதா, மழைக்கு லைன் போகிறதா, போன் செய்தால் ஆள் வருகிறாரா என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். பெட்டி எவ்வளவு பத்திரமாகப் பூட்டியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இந்த விமர்சனம் அந்தப் பூட்டைப் பற்றி மட்டும்தான். எந்த ஒரு நிறுவனத்தையும் குறித்து எழுதவில்லை. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளிலும் ஓடும் இந்தப் பெட்டிகளின் மெனுக்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும், தவறுகளும் அப்படித்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆள் வந்து மாட்டிவிட்டுப் போன நிலையில் ஐந்துக்கு இரண்டு. அரை மணி நேரம் உட்கார்ந்து மாற்றினால் நான்கு. பெட்டிக்குள் இருக்கும் சரக்கு நல்ல சரக்கு. அதைத் திறந்து பார்க்காமல் விடுவதால்தான் இரண்டு மார்க் போகிறது.

பாஸ்வேர்டிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் கேடு அங்கேதான் அதிகம். லைன் இழுக்க வந்த தம்பி ஏணியை மடக்கிவிட்டு, லேப்டாப்பையோ போனையோ கையில் வைத்துக்கொண்டு, "பாஸ்வேர்டு என்ன சார் வைக்கட்டும்?" என்பார். யோசிக்க நேரமில்லாமல் நம் செல்போன் நம்பரைச் சொல்லிவிடுவோம். பத்து இலக்கம், நீளமாகத்தானே இருக்கிறது என்ற எண்ணம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தியச் செல்போன் எண் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும். மீதி ஒன்பது இலக்கம். ஆக மொத்தமே 400 கோடி எண்கள்தான். கேம் விளையாட வாங்கும் விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வைஃபையைப் பூட்டும் முறைகளில் ஒன்றான டபிள்யூபிஏ2-வின் பாஸ்வேர்டுகளை நொடிக்குப் பத்து லட்சம் வீதம் சோதித்துவிடும். 400 கோடியைப் பத்து லட்சத்தால் வகுத்தால் 4,000 நொடி. ஒரு மணி ஏழு நிமிடத்துக்குள் உங்கள் நம்பர் வந்துவிடும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டு எட்டு இலக்க எண்ணாக மட்டும் இருந்தால் மொத்தம் பத்து கோடி, நூறே நொடி. பெயரோடு 123 சேர்ப்பது, தெருப் பெயரோடு பின்கோடு சேர்ப்பது எல்லாம் இதைவிட மோசம். அவை திருடர்கள் கையில் இருக்கும் ஆயத்தப் பாஸ்வேர்டு பட்டியல்களிலேயே கிடக்கின்றன.

இவ்வளவு வேகமாகச் சோதிக்க முடிவதன் காரணம் புரிந்தால்தான் மீதியும் புரியும். டபிள்யூபிஏ2-வில் உங்கள் போன் பெட்டியோடு இணையும்போது இரண்டும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. அதை ஹேண்ட்ஷேக் என்பார்கள். பாஸ்வேர்டு அதில் நேரடியாகப் போவதில்லை, ஆனால் அதிலிருந்து பிறந்த ஒரு சரிபார்ப்புக் குறியீடு போகிறது. கீழ்த்தளத்தில் நிற்பவர் அந்த நான்கு செய்திகளைப் பதிவு செய்துகொண்டால் போதும். அதற்குப் பிறகு உங்கள் வீட்டுப் பக்கமே வர வேண்டியதில்லை. தன் கணினியில் ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டு அதே குறியீடு வருகிறதா என்று பார்க்கலாம். ஒவ்வொரு முயற்சிக்கும் 4,096 சுற்றுக் கணக்கு போட வேண்டும் என்று தரநிலை தடை வைத்திருக்கிறது. 2004-ல் அது பெரிய தடை. இன்றைய கார்டுகளுக்கு அல்ல. போன் இணையும் நேரத்துக்காகக் காத்திருக்கக்கூட வேண்டாம், பல ரவுட்டர்கள் தாங்களாகவே தேவையான துண்டைக் கொடுத்துவிடுகின்றன என்று 2018-ல் ஹாஷ்கேட் என்ற பாஸ்வேர்டு சோதனை மென்பொருளை உருவாக்கியவர்கள் காட்டினார்கள்.

பரிகாரம் எளிது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில், நடுவில் கோடு போட்டு எழுதுங்கள்: முருங்கை, ஆணி, படகு, சீப்பு, வானொலி என்பதுபோல. இதையே வைக்காதீர்கள், ஒரு புத்தகத்தைக் கண்ணை மூடிப் புரட்டி விரல் வைத்த இடத்திலிருந்து எடுங்கள். இரண்டாயிரம் சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்துதான் எடுத்தீர்கள் என்பதைத் திருடர் அறிந்திருந்தாலும், நான்கு சொல்லுக்கு அதே கார்டு ஆறு மாதம் ஓட வேண்டும். ஐந்தாவது சொல் சேர்ந்தால் ஆயிரம் வருடம். விதிப்படி 8 முதல் 63 எழுத்து வரை வைக்கலாம். தமிழ் எழுத்திலேயே தட்டினால் பெட்டி ஏற்காது, அதனால்தான் ஆங்கில எழுத்து. பாட்டு வரி, குறள் வரி வேண்டாம். நமக்கு நினைவிருப்பது பட்டியல் தயாரிப்பவருக்கும் நினைவிருக்கும்.

இங்கே ஒரு வழக்கமான சறுக்கல். பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டினால் திறக்கும் பெட்டியின் மெனுவில் 2.4-க்கு ஒரு பக்கம், 5-க்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாக இருக்கும். ஒன்றில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். மற்றதில் ஸ்டிக்கர் பாஸ்வேர்டு அப்படியே இருக்கும். இரண்டையும் திறந்து பாருங்கள்.

அடுத்தது பாதுகாப்பு முறை. திரையில் செக்யூரிட்டி மோடு என்றோ ஆத்தென்டிகேஷன் என்றோ இருக்கும் அந்தக் கீழிறங்கும் பட்டியலில் தலைமுறை தலைமுறையாக வந்தவை எல்லாம் வரிசையாக நிற்கும். வெப் என்று சுருக்கமாகச் சொல்லும் டபிள்யூஇபி 1997-ல் வந்தது. 2001-லேயே அதன் அடிப்படை உடைந்தது, 2007-ல் ஒரு நிமிடத்துக்குள் சாவியை எடுத்துக் காட்டினார்கள். இன்றும் சில பெட்டிகளில் அந்த வரி இருக்கிறது, தொடவே கூடாது. 2003-ல் வந்த டபிள்யூபிஏ, அதன் டிகேஐபி குறியாக்கம், இரண்டும் பழைய சிப்களைக் காப்பாற்ற இடைக்காலத்துக்குச் செய்த ஒட்டு வேலை. 2004-ன் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் குறியாக்கத்தோடு சேர்ந்தால் இன்றும் நிற்கிறது. 2018-ன் டபிள்யூபிஏ3 இவற்றில் சிறந்தது.

மாட்டிவிட்டுப் போகும் பெட்டிகளில் அதிகம் காணப்படுவது டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2 இரண்டும் கலந்த முறை. குறியாக்கத்தில் டிகேஐபி, ஏஇஎஸ் இரண்டும். எந்தப் பழைய போன் வந்தாலும் இணைய வேண்டும், புகார் வரக் கூடாது என்பதற்காக இப்படி வைக்கிறார்கள். இதில் இரண்டு நஷ்டம். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாகப் போகும் செய்திகள், கலந்த முறையில் பழைய டிகேஐபியிலேயே போகின்றன. டிகேஐபியில் இணையும் கருவிக்கு 54 எம்பிபிஎஸ் மேல் வேகமும் கிடைக்காது. அதற்குப் பிறகு வந்த வேக முறைகளை அந்தக் குறியாக்கத்தோடு ஓட்டத் தரநிலையே தடை விதிக்கிறது. நூறு எம்பிபிஎஸ் பிளான் போட்டும் ஒரே ஒரு லேப்டாப் மட்டும் இருபதைத் தாண்டவில்லை என்றால், லைனைக் குறை சொல்வதற்கு முன் இந்த வரியைப் பாருங்கள்.

டபிள்யூபிஏ3 ஏன் மேல் என்றால், மேலே சொன்ன பதிவு செய்துகொண்டு போய் வீட்டில் உட்கார்ந்து சோதிக்கும் வேலை அதில் நடக்காது. எஸ்ஏஇ என்ற முறையில் ஒவ்வொரு ஊகத்துக்கும் பெட்டியோடு நேரில் பேசியாக வேண்டும். நொடிக்குப் பத்து லட்சம் என்ற கணக்கு அங்கே செத்துப்போகிறது. பாஸ்வேர்டு பிற்பாடு கசிந்தாலும் பழைய பதிவுகளைத் திறக்க முடியாது. கூடவே பிஎம்எஃப் என்ற பாதுகாப்பும் கட்டாயமாகிறது. இது இல்லாத பெட்டியில், இணைப்பைத் துண்டி என்று சொல்லும் நிர்வாகச் செய்திகள் பூட்டில்லாமல் போகும். உள்ளங்கையளவு போர்டு ஒன்றை வைத்துக்கொண்டு யாரும் அந்தச் செய்தியைப் போலியாக அனுப்பி வாசல் கேமராவைத் துண்டித்துக்கொண்டே இருக்கலாம். வைஃபை கேமராவை மட்டும் நம்பி ஊருக்குப் போகிற வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

குறையே இல்லாத தரநிலை என்று சொல்லிவிட முடியாது. 2019-ல் மத்தி வான்ஹூஃப், எயல் ரோனன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் டிராகன்பிளட் என்ற பெயரில் எஸ்ஏஇ-யில் ஓட்டைகளைக் காட்டினார்கள். அதன்பின் கணக்கிடும் முறையே திருத்தப்பட்டது. அவர்கள் காட்டியதில் ஒன்று வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஒரே பாஸ்வேர்டில் ஏற்கும் கலப்பு முறையில், உங்கள் வைஃபை பெயரிலேயே போலியாக ஒரு டபிள்யூபிஏ2 நெட்வொர்க்கை நிறுத்தினால், போன் அதோடு பேசத் தொடங்கும். ஊகித்துப் பார்க்கத் தேவையான குறியீடு அப்போதே கைமாறிவிடும். அதனால் கலப்பு முறை வைத்தாலும் ஐந்து சொல் பாஸ்வேர்டு வேண்டும்.

நடைமுறையில் எது சரிப்படும்? ஐபோன் 7-லிருந்து, ஆண்ட்ராய்டு 10-லிருந்து, விண்டோஸ் 10-ன் 1903 பதிப்பிலிருந்து டபிள்யூபிஏ3 ஆதரவு வந்துவிட்டது. ஆண்ட்ராய்டிலும் விண்டோஸிலும் வைஃபை சிப்பும் ஒத்துழைக்க வேண்டும். தகராறு செய்பவை பிரிண்டர், பழைய டிவி, ஸ்மார்ட் பிளக், மலிவுக் கேமரா. பெரும்பாலும் இவை 2.4-ல் மட்டும் ஓடுபவை. ஆகவே 5 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூபிஏ3 மட்டும், 2.4-ல் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் மட்டும் வையுங்கள். இரண்டுக்கும் வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு. போன், லேப்டாப் 5-ல், மீதி 2.4-ல். இரண்டு அலைவரிசையையும் ஒரே பெயரில் சேர்த்துவைக்கும் பேண்டு ஸ்டீரிங் அல்லது ஸ்மார்ட் கனெக்ட் என்பதை முதலில் அணைத்தால்தான் இரண்டையும் பிரிக்க விடும். பாஸ்வேர்டு சரியாகவே இருந்தும் தவறு என்று ஒரு பழைய போன் சொன்னாலோ, சேவ்டு என்று காட்டிவிட்டு இணையாமல் நின்றாலோ, அது டபிள்யூபிஏ3-யோ பிஎம்எஃப்-யோ புரியாமல் விழிக்கிறது என்று பொருள்.

மாற்றும் வேலையைக் கணினிக்கும் பெட்டிக்கும் நடுவே லேன் ஒயர் போட்டுச் செய்யுங்கள். வைஃபையிலேயே இருந்துகொண்டு மாற்றினால் சேமித்த நொடியில் இணைப்பு அறுந்து, பாதி மாறியும் பாதி மாறாமலும் நிற்கும். தொடங்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வான் (WAN) என்றோ பிபிபிஓஇ என்றோ இருக்கும், கம்பெனியின் லைன் விவரம் உள்ள பக்கத்தில் கை வைக்க வேண்டாம். குழம்பிவிட்டால் பின்புறத் துளையில் ஊசியை விட்டு ரீசெட் செய்யும் ஆசை வரும்; சில பெட்டிகளில் அது கம்பெனி போட்டுவைத்த லைன் விவரத்தையும் சேர்த்து அழித்துவிடும், ஆள் வரும்வரை நெட் இருக்காது.

பாஸ்வேர்டு தட்டாமல் பட்டனாலோ பின் எண்ணாலோ கருவியை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் எண்ணில் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம். மீதியையும் பெட்டி இரண்டு பாதியாகப் பிரித்து, முதல் பாதி சரியா தவறா என்று தனியாகச் சொல்லிவிடுகிறது. பத்தாயிரமும் ஆயிரமும் சேர்த்து 11,000 முயற்சியில் எந்தப் பின் எண்ணும் தீர்ந்துபோகும் என்று 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் வீபாக் என்ற ஆய்வாளர் காட்டினார். தவறான முயற்சிகளுக்குப் பின் பூட்டிக்கொள்ளாத பெட்டியில் முயற்சிக்கு மூன்று நொடி என்று வைத்தாலும் ஒன்பது மணி பத்து நிமிடம். ஒரு ராத்திரி வேலை. உங்கள் ஐந்து சொல் பாஸ்வேர்டு இதற்குக் குறுக்கே நிற்காது, ஏனென்றால் பின் எண் சரியானால் பெட்டியே பாஸ்வேர்டைக் கொடுத்துவிடும்.

நிர்வாகப் பக்கத்துக்கான பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. 192.168.1.1 என்று பிரவுசரில் தட்டினால் வரும் பக்கத்தில் அட்மின், அட்மின் என்று போட்டால் இன்றும் திறக்கும் பெட்டிகள் உண்டு. உள்ளே வந்தவர் இணையதளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸின் முகவரியை மாற்றினால் வீட்டில் உள்ள எல்லாப் போன்களும் அவர் காட்டும் வழியில் முகவரி தேடும். இதையும் மாற்றுங்கள். பெட்டியைக் கம்பெனி தொலைவிலிருந்து கையாள டிஆர்-069 என்ற வழி இருக்கிறது. 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச் டெலிகாமின் சுமார் ஒன்பது லட்சம் வாடிக்கையாளர்கள் இணைப்பிழந்தது, அந்த வழிக்கான 7547 என்ற கதவை நோக்கி வந்த தாக்குதலில்தான். வாடிக்கையாளர் கணக்கில் அதை மூட முடியாது. இந்தப் பெட்டிக்கு ஐந்தாவது மார்க் எப்படியும் கிடைக்காமல் போவதற்கு இதுதான் காரணம்: சாவிக் கொத்தில் ஒன்று எப்போதும் வேறொருவர் கையில் இருக்கிறது. அப்டேட்டும் அவர்கள் அனுப்பினால்தான். 2017-ன் கிராக், 2021-ன் ஃபிராக்அட்டாக்ஸ் போன்ற ஓட்டைகளுக்குத் திருத்தம் உங்கள் பெட்டிக்கு வந்ததா என்று பார்க்க, ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) தேதியைப் பாருங்கள். 2021 மே மாதத்துக்கு முந்தையது என்றால் பெட்டியை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கிராக் விஷயத்தில் போனுக்கும் திருத்தம் வேண்டும். ஆண்ட்ராய்டு 6-லேயே நின்றுபோய், பாட்டுக் கேட்கவும் குழந்தைக்கு வீடியோ காட்டவும் வைத்திருக்கும் பழைய போன்தான் அதில் அதிகம் அடிபட்டது.

வெளியாட்களுக்குத் தனியாகக் கொடுக்கும் கெஸ்ட் நெட்வொர்க் இருப்பது நல்லது, ஆனால் சோதிக்காமல் நம்ப வேண்டாம். மாடியில் குடியிருப்பவருக்கும் டியூஷன் பிள்ளைகளுக்கும் அதைத்தான் கொடுக்க வேண்டும். போனை கெஸ்ட்டில் இணைத்து 192.168.1.1-ஐத் திறந்து பாருங்கள். நிர்வாகப் பக்கம் வந்தால் அது பெயருக்குத்தான் கெஸ்ட்; அவர்கள் உங்கள் கம்ப்யூட்டர் இருக்கும் அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கெஸ்ட்டைப் பிரித்துவைக்கும் ஐசோலேஷன் என்ற தேர்வைப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். பக்கத்து வீட்டுக்கு இரக்கப்பட்டு வைஃபையைப் பூட்டாமலே விடுபவர்கள் உண்டு. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டில்லாமல் கிடந்த ஒருவரின் வைஃபை வழியாகப் போனது. போலீஸ் முதலில் போய் நின்றது அந்த இணைப்பின் சொந்தக்காரர் வீட்டில்.

வைஃபை பெயரை மறைப்பது பலன் தராது. மறைத்த பெயரைப் போன்கள் போகுமிடமெல்லாம் கூவித் தேடும். கருவியின் மேக் முகவரியைப் பார்த்து உள்ளே விடும் மேக் ஃபில்டரும் வீண்: அந்த முகவரி காற்றில் பூட்டில்லாமல் போகிறது, இன்றைய போன்கள் அதைத் தாங்களே மாற்றியும் வைக்கின்றன. பெயரில் ஃபிளாட் நம்பர் போடாதீர்கள். போனில் வைஃபையைப் பகிரக் காட்டும் கியூஆர் கட்டத்துக்குள் பாஸ்வேர்டு வெறும் எழுத்தாகவே இருக்கிறது. அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போடுவது பாஸ்வேர்டை எழுதிப் போடுவதுதான். பெட்டி செருப்பு ரேக்குக்கு மேல், கிரில் கதவுக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தால் இடம் மாற்றச் சொல்லுங்கள். அடியில் இருக்கும் ஸ்டிக்கரை ஒருவர் படம் எடுக்க மூன்று நொடி போதும்.

சொந்த ரவுட்டர் வாங்க வேண்டியவர்கள் யார் என்றால், மெனுவில் டபிள்யூபிஏ3 இல்லாதவர்கள், ஃபர்ம்வேர் பழசாகவே கிடப்பவர்கள், வீட்டிலிருந்தே கிளையண்ட் வேலை பார்ப்பவர்கள். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் நாலாயிரம் ரூபாய்க்குள்ளேயே வைஃபை 6 ரவுட்டர் கிடைக்கும். 2020 ஜூலை முதல் வைஃபை அலையன்ஸின் சான்று பெறும் புதிய கருவிகள் எல்லாவற்றுக்கும் டபிள்யூபிஏ3 கட்டாயம். ஆனால் சான்று பெறாமலே விற்பவையும் உண்டு, எனவே அட்டைப் பெட்டியில் அந்த எழுத்தைக் கண்ணால் பாருங்கள். ஒரே மாடல் பெயரில் வி1, வி2 என்று உள்ளுறுப்பு மாறும், அது ரவுட்டரின் அடிப்பக்கத்தில் இருக்கும். செகண்ட் ஹேண்ட் வாங்கினால் 2019-க்கு முந்தியதைத் தவிர்க்கலாம், ஒரு விதிவிலக்கோடு: ரவுட்டரில் போட்டுக்கொள்ளும் மாற்று மென்பொருளான ஓபன்டபிள்யூஆர்டி-யை ஏற்கும் மாடலாக இருந்தால். 2020 ஜனவரியில் வந்த 19.07 பதிப்பிலிருந்து அதில் டபிள்யூபிஏ3 ஓடுகிறது. நினைவகம் குறைவான பழைய மாடல்களில் அந்த வசதியைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும், அதற்கும் இடம் இருக்கிறதா பாருங்கள்.

இணைப்பது எளிது. கம்பெனிப் பெட்டியின் லேன் துளையிலிருந்து ஒயரை எடுத்துப் புது ரவுட்டரின் வான் துளையில் செருகுங்கள். இரண்டும் 192.168.1 என்றே தொடங்கினால் நெட் வராது, இதில்தான் பலர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்கிறார்கள். புது ரவுட்டரை 192.168.50.1 என்று மாற்றினால் தீர்ந்தது. கடைசியாகப் பழைய பெட்டியின் வைஃபையை, இரண்டு அலைவரிசையிலும், அணையுங்கள். விட்டுவிட்டால் அதே பழைய போன் நம்பர் பாஸ்வேர்டோடு அது பின்னால் பேசிக்கொண்டே இருக்கும். அணைத்தபின் போனில் வைஃபை பட்டியலைத் திறந்து, பழைய பெயர் மறைந்துவிட்டதா என்று மொட்டை மாடியிலும் வாசலிலும் நின்று ஒருமுறை பாருங்கள்.